துப்பாக்கி லைசென்ஸா, செக்குரிட்டியா, சிலம்பமா? பினாங்குக் கடைக்காரர்களுக்கு

நகைக்கடை, பணமாற்றுக் கடை, மளிகை மொத்த வியாபாரம் என்று கையில் ரொக்கம் புழங்கும் தொழில்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. "பேசாம லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கிடலாமா அண்ணே?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். வாசலில் செக்குரிட்டி போடுவதே மேல் என்பார் இன்னொருவர். மகனைச் சிலம்பத்தில் சேர்த்துவிட்டதாக மூன்றாமவர் சொல்வார். கடைசியில் தேத்தாரே குடித்துவிட்டு எல்லோரும் எழுந்து போவார்கள். அன்றிரவும் அதே பழைய முறையில்தான் கடை பூட்டப்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வரிசையில் துப்பாக்கி கடைசி. கடை பூட்டும் முறையைச் சரிசெய்வது முதல் வேலை. உடம்பைப் பழக்குவது அடுத்தது. முதலுதவி அதோடு சேர்ந்தே வர வேண்டும். இவையெல்லாம் கைவசமான பிறகு ஒருவர் துப்பாக்கி வைத்துக்கொண்டால் அது அவருக்குப் பயன்படும். இவை இல்லாதவர் கையில் இருக்கும் துப்பாக்கி, வந்தவன் எடுத்துக்கொண்டு போகும் இன்னொரு விலையுயர்ந்த பொருள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

துப்பாக்கி

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது யாருடைய பிறப்புரிமையும் கிடையாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் கொடுத்தால்தான் உண்டு. கேட்பவருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா, பின்னணி சுத்தமா, பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். கொடுத்தாலும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டா வாங்கவும் அனுமதி வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதைப் பற்றிக் கனவில்கூட நினைக்க வேண்டாம். 1971இன் துப்பாக்கிக் கடுந்தண்டனைச் சட்டம் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் வைத்திருக்கிறது. அதே சட்டத்தில், கொள்ளை போன்ற குற்றத்தின்போது துப்பாக்கியால் சுட்டவருக்கு 2023 வரை கட்டாய மரண தண்டனை இருந்தது. அந்த ஆண்டில்தான் 'கட்டாய' என்பது போய், தண்டனையைத் தீர்மானிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு வந்தது. இந்த நாடு துப்பாக்கியை எவ்வளவு கனமாகப் பார்க்கிறது என்பதற்கு இது போதும்.

சரி, லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு கேட்க வேண்டியது, அந்தத் துப்பாக்கி உங்கள் கடைக்குள் வேலை செய்யுமா என்பது. 1983இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீசில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கத்தியோடு 21 அடி தள்ளி நிற்கும் ஆள் உங்கள் மேல் வந்து விழ ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். பழகிய போலீஸ்காரர் உறையில் இருந்து துப்பாக்கியை உருவி, குறிபார்த்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். சுடுகிறவர் பழகிய போலீஸ்காரர். உறை இடுப்பில் இருக்கிறது. கை தினமும் பழகிய கை. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளின் முகப்பு அகலமே பெரும்பாலும் இருபது அடியை ஒட்டித்தான் இருக்கும். கல்லாவுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, மூன்றடி. நமது துப்பாக்கியோ கல்லா டிராயரில், சாவி போட்டு, கணக்குப் புத்தகத்துக்கு அடியில். பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தியோடு ஒருவன் உள்ளே வந்தால் அந்த டிராயரைத் திறக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.

டூலரின் கணக்கைக் கேட்டதும் சிலர், "அப்படின்னா இடுப்புலயே வச்சுக்கறேன்" என்பார்கள். இடுப்பில் வைத்தால் வேறு பொறுப்பு வருகிறது. நெருக்கத்தில் கட்டிப்பிடித்துச் சண்டை வந்தால் அந்தத் துப்பாக்கி இரண்டு பேர் கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும். அதைப் பறிகொடுக்காமல் காப்பது தனிப் பயிற்சி, அதற்கு மல்யுத்தம் போன்ற பிடிச்சண்டை தெரிந்திருக்க வேண்டும். ஆக, துப்பாக்கி வாங்கினாலும் வெறுங்கைப் பயிற்சியில் இருந்து தப்ப முடியாது.

இன்னொன்று, குண்டு எங்கே போய் நிற்கும் என்பது. அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பதை ஒரு முறையாக வளர்த்தவர் ஜெஃப் கூப்பர். 1976இல் அரிசோனாவில் பள்ளியே தொடங்கினார். அவர் சொன்ன நான்கு விதிகள் இன்றும் உலகெங்கும் சுடுதளங்களில் ஓதப்படுகின்றன. எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி வைக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நான்காவது விதியோடு லெபோ பாசாரில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பாருங்கள். இலக்குக்குப் பின்னால் அஞ்சடியில் பூக்கட்டும் அம்மா இருக்கிறார், வடைக்கு நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தள்ளுவண்டி இருக்கிறது. அந்தத் தெருவில் சுடுவதற்கு ஏற்ற திசை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பாலிக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள் கதை வேறு. பன்றியும் குரங்கும் பழத்தை அழிக்கும். வேட்டைத் துப்பாக்கி அவர்களுக்குத் தொழில் கருவி. சுற்றிலும் ஆள் இல்லாத மேடு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாங்கிய அன்று சுட்டதோடு விட்டுவிடாமல் பழக்கத்தைத் தொடருங்கள். வீட்டில் குண்டு இல்லாத துப்பாக்கியை, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, எடுத்துக் குறிபார்த்து விசையை மெதுவாக அழுத்திப் பழகலாம். சுடுதளத்துக்குப் போகும் நாளில் அந்தப் பழக்கம் அப்படியே கையில் வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி ஒரு பெட்டியிலும் தோட்டா இன்னொரு பெட்டியிலும் பூட்டி இருக்க வேண்டும். இதில் தாட்சண்யமே கூடாது.

செக்குரிட்டி

நகைக்கடை வாசலில் நீண்ட துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் காவலாளியை எல்லோரும் பார்த்திருப்போம். கடைக்காரருக்கு இதில் பெரிய லாபம், துப்பாக்கியின் பொறுப்பு லைசென்ஸ் உள்ள நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. 1971இன் தனியார் முகவர் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சு அனுமதித்த நிறுவனங்கள்தான் இந்தத் தொழில் செய்யலாம். வெளிநாட்டவர்களில் நேப்பாளிகளுக்கு மட்டுமே காவல் வேலைக்கு இடம் உண்டு.

ஆனால் ஆளை யாரென்று பார்க்காமல் சேர்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் பார்த்தோம். வங்கியில் காவலுக்கு நின்றவனே அங்கு வேலை பார்த்த பெண் அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினான். அவன் போலி ஐசியில், அதாவது போலி அடையாள அட்டையில், வேலைக்குச் சேர்ந்திருந்தான். அதனால் மாதச் சம்பளம் எவ்வளவு என்று பேரம் பேசும் முன்பு நிறுவனத்தின் லைசென்ஸ், வரும் ஆளின் ஐசி, அவர் கையில் இருக்கும் துப்பாக்கிக்கான தாள் மூன்றையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிற நிறுவனம் வேண்டாம். சின்னக் கடைக்கு இந்தச் செலவு தாங்காது என்பது உண்மை. ஒரே வரிசையில் இருக்கும் நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு காவலாளிக்குப் பணம் போடுவது நடக்கக்கூடிய வழி; வரிசையே ஒரே நேரத்தில் கடை பூட்டுவதாக ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது.

கம்பும் கையும்

இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. பினாங்கில் தமிழர்கள் பெரும்பாலும் பார்ப்பது சிலம்பம், டேக்வாண்டோ, மலாய்க்காரர்களின் சிலாட், குத்துச்சண்டை வகைகள், ஜியு-ஜிட்சு, கிராவ் மாகா. விளம்பரத்தில் எல்லாமே 'தற்காப்பு' என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. நான் எல்லா வகுப்பையும் அளக்க ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: எதிரில் நிற்பவர் உண்மையாகவே எதிர்க்கிறாரா?

சிலம்பத்தை எடுத்துக்கொள்வோம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளித் திடலிலோ சாயங்காலம் நடக்கும், கட்டணம் குறைவு, ஆசான் அக்கம்பக்கத்துக்காரர். ஐந்தடிக்கும் மேல் நீளமான பிரம்புக் கம்பு. முதல் சில வாரங்களில் கம்பைவிடக் காலடிதான் அதிகம். இந்தக் காலடி வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். நாலு திசையும் திரும்பி, எடையை மாற்றி, எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கண்ணால் அளக்கப் பழக்குகிறது. அந்தத் தூரக்கணக்கு தெருவிலும் உதவும். கம்பு வீச்சில் தோளும் மணிக்கட்டும் பலப்படும். அறுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பேத்தியும் ஒரே மண்டபத்தில் பழகலாம். இதைப் போன்ற ஒரு பழக்கம் வேறு எங்கே கிடைக்கும்?

குறையையும் சொல்ல வேண்டும். பல வகுப்புகள் இன்று போட்டிக்கும் மேடைக்கும் தயாராக்குகின்றன. கம்பு அழகாகச் சுழலும்; எதிரில் ஆள் இருக்க மாட்டார். இருந்தாலும் தொட்டால் புள்ளி, அத்தோடு நிறுத்தம். வெறுங்கையில் பழகும் குத்துவரிசையும் பிடிவரிசையும் சொல்லிக்கொடுக்கும் ஆசான் கிடைத்தால் விடாதீர்கள். அவர்தான் தற்காப்புக்கு ஆசான். கம்போடு தெருவில் நடக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். 1958இன் அரிப்புப்பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதச் சட்டம், தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் பிரம்படியும் என்கிறது. காரின் சீட்டுக்கு அடியில் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பாராங் போட்டு வைத்திருப்பவர்கள் இன்றே அதை எடுத்துவிடுங்கள். சாலைத் தடுப்புச் சோதனையில் "எதுக்கும் இருக்கட்டும்" என்பது ஒரு பதிலே ஆகாது.

கிராவ் மாகா அடுத்தது. 1930களில் பிராட்டிஸ்லாவா தெருக்களில் யூதர்களைத் தாக்கிய கும்பல்களோடு மோதிப் பழகிய இமி லிச்டன்ஃபெல்ட் உருவாக்கியது. பிறகு இஸ்ரேல் ராணுவத்தில் கற்பிக்கப்பட்டது. அழகு, மரியாதை வரிசை எதுவும் இல்லை. கழுத்தைப் பிடித்தால் என்ன செய்வது, கத்தி வந்தால் என்ன செய்வது என்று முதல் நாளிலேயே ஆரம்பிப்பார்கள். நேரம் குறைவாக உள்ளவருக்கு இந்த வேகம் பிடிக்கும். ஆனால் இதில் பெரிய போட்டிகள் இல்லாததால் ஆசிரியரின் தரத்தை வெளியில் இருந்து அளப்பது கஷ்டம். சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கி வந்தவரும் இருப்பார், இருபது வருடம் பழகியவரும் இருப்பார். விளம்பரப் பலகையில் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு வகுப்பில் ஆசிரியர் எல்லோரையும் வெள்ளை டீ-சட்டையில் வரச் சொல்லியிருந்தார். ஒருவர் கையில் சிவப்பு மார்க்கர் பேனா, அதுதான் கத்தி. எதிரில் நிற்பவர் அதுவரை கற்ற 'கத்தி பறிக்கும்' பிடியைப் போட வேண்டும். விசில் அடித்தது. பேனாக்காரர் பாடத்தில் சொன்னபடி ஒரே ஒரு குத்து நேராகக் குத்தவில்லை. தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி இழுத்தார், இன்னொரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் விசில். எதிரில் நின்றவரின் முன்கையெல்லாம் சிவப்புக் கோடு, வயிற்றில் புள்ளிகள், கழுத்துக்குக் கீழே ஒரு நீண்ட கீறல். அவர் உடற்கட்டு உள்ள இளைஞர், சுறுசுறுப்பானவர். ஆசிரியர் அமைதியாகச் சட்டையைக் காட்டி, "பணத்தைக் கொடுத்துடுங்க, ஓட வழி இருந்தா ஓடுங்க, வழியே இல்லாதப்ப மட்டும்தான் இந்தப் பிடி" என்றார். அந்த மாதிரி பேசும் ஆசிரியரிடம் என் பிள்ளையை நம்பி அனுப்புவேன். 'பத்து நாளில் கத்தியைப் பறிக்கலாம்' என்பவரிடம் அனுப்ப மாட்டேன்.

ஜியு-ஜிட்சு, ஜூடோ, குத்துச்சண்டை, முவாய் தாய் இவற்றின் பலம், ஒவ்வொரு வகுப்பிலும் எதிர்க்கும் ஆளோடு மோத வேண்டியிருப்பது. மூச்சு முட்டும், பயம் வரும், அதோடு யோசிக்கப் பழகுவீர்கள். நெஞ்சு படபடக்கும்போது விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஒத்துழைக்காது, கண் நேர் எதிரில் இருப்பதை மட்டும் பார்க்கும். இதை ஒருமுறை உடம்பால் உணர்ந்தவருக்கு நிஜத்தில் அதிர்ச்சி குறைவு. ஜியு-ஜிட்சுவில் தரையில் கிடந்து சண்டை போடப் பழக்குகிறார்கள். மேலே விழுந்து அமுக்குகிறவனிடம் இருந்து வெளியே வர, முக்கியமாகப் பெண்களுக்கு, இது பெரிய உதவி. இரண்டு மோட்டாரில் நாலு பேர் வந்தால் தரையில் உருள்வது சரிப்படாது. அங்கே எழுந்து ஓடுவதுதான் வித்தை. நல்ல ஆசிரியர்கள் அதையும் சொல்லித்தருகிறார்கள். சிலாட், டேக்வாண்டோ இரண்டும் ஆசிரியரைப் பொறுத்தே அமையும், அதே கேள்வியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் எதுவரை வரும்?

எந்த வழியை எடுத்தாலும் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளை ஒருமுறை படித்துவிடுங்கள். உங்கள் உடம்பையும் சொத்தையும், பிறருடையதையும் காக்க உரிமை உண்டு. உயிர் போகும், பலத்த காயம் வரும் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில் எதிரி இறக்கும் அளவுக்கும் அந்த உரிமை நீளலாம் என்கிறது 100ஆம் பிரிவு. ஆனால் 99ஆம் பிரிவு வேலி போடுகிறது: அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. பயம் நீங்கியதும் உரிமையும் நின்றுவிடும். பிடிபட்டுக் கீழே விழுந்தவனைக் கூட்டமாகச் சேர்ந்து அடிப்பது தற்காப்பு ஆகாது. அங்கே கடைக்காரர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவார். பயிற்சியில் 'எங்கே நிறுத்துவது' என்பதையும் சொல்லித்தரும் ஆசிரியரைத் தேடுங்கள்.

பூட்டும் நேரம்

கடைக்காரருக்கு மிக ஆபத்தான நிமிடம் எது என்று கேட்டால், ஷட்டர் இறக்கும் நிமிடம் என்பேன். கம்பியால் கொக்கியை மாட்டி இழுக்கிறார். தகரம் கடகடவென்று இறங்கும் சத்தத்தில் பின்னால் மோட்டார் வருவது கேட்காது. அப்புறம் குனிந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி, இரண்டு பக்கமும் பூட்டுப் போடுகிறார். அன்றைய வசூல் பை காலடியில் இருக்கிறது. இந்த ஒரு நிமிடத்துக்குத் துப்பாக்கியும் சிலம்பமும் உதவாது. ஒருவர் பூட்டும்போது இன்னொருவர் தெருவைப் பார்த்து நிற்பதும், பணம் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருப்பதும் உதவும். வசூலைப் பகலிலேயே, வெவ்வேறு நேரத்தில் வங்கிக்கு அனுப்புங்கள். பை எடுத்துப் போகிறவர் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டி, வாகனம் எதிரே வரும் பக்கமாக நடக்க வேண்டும். மோட்டாரில் வந்து இழுத்தால் விட்டுவிட வேண்டும். பையை விடாமல் தார்ச்சாலையில் இழுபட்டு உயிர் விட்டவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

மிளகாய் ஸ்ப்ரே பற்றிப் பலர் கேட்கிறார்கள். வாங்கும் முன் பலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், விசாரித்துவிடுங்கள். காற்றாடி ஓடும் சின்னக் கடைக்குள் அடித்தால் உங்கள் கண்ணுக்கும் வரும் என்பதையும் யோசியுங்கள். பெரிய சத்தம் போடும் சின்ன அலாரத்தில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது, விலையும் குறைவு. உங்கள் தாமானில் (குடியிருப்பில்) ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் அமைப்பு இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். 1975இல் இருந்து இருக்கும் ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்த தெருவில் அன்னியன் நின்றால் யாராவது கேட்பார்கள்.

முதலுதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைத் தற்காப்பில் சேர்ப்பதில்லை. பாராங் வெட்டு கையிலோ காலிலோ விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தத்தை நிறுத்துவதுதான் உயிர். துணியை வைத்து இரண்டு கையாலும் விடாமல் அழுத்த வேண்டும். பீய்ச்சி அடித்தால் டூர்னிகே பட்டையை வெட்டுக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின் மேல் வராமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் செம்பிறைச் சங்கமும் இதற்கு வகுப்பு நடத்துகின்றன. கடையில் ஒருவராவது போய்வர வேண்டும். 999ஐ யார் கூப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்படியானால் யாருக்கு எது? நகைக்கடைக்கு முறையான நிறுவனத்தின் ஆயுதக் காவலாளி, பூட்டும் ஒழுங்கு, முதலுதவி. பணமாற்றுக் கடைக்குத் தடுப்புக் கண்ணாடியும் பக்கத்துக் கடைகளோடு ஒப்பந்தமும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வரும் தங்கைக்கு அலாரமும் வாரம் இரண்டு நாள் ஜியு-ஜிட்சுவும். ஐம்பதைக் கடந்த, முட்டி வலியுள்ள அண்ணனுக்குச் சிலம்பம், தயங்காமல். பதின்வயதுப் பையனுக்குச் சிலம்பமும் குத்துச்சண்டையும் சேர்ந்தால் ரொம்ப நல்லது. லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மாதம் ஒரு முறையாவது சுடுதளம், பிடிச்சண்டை வகுப்பு, இரண்டு பூட்டுப் பெட்டிகள். இவை மூன்றுக்கும் நேரம் இல்லை என்றால் துப்பாக்கியைப் போலீசிடம் ஒப்படைத்துவிடுவது மேல்.

வகுப்பு பார்க்கப் போகும்போது பணம் கட்டாமல் முதலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து முழுசாக ஒரு வகுப்பைப் பாருங்கள். மாணவர்கள் வியர்த்திருக்கிறார்களா, எதிர்க்கும் ஆளோடு மோதுகிறார்களா, அடிபட்டவரை ஆசிரியர் எப்படிக் கவனிக்கிறார், ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்கவே விடமாட்டேன் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.